வெள்ளை வண்டிக்கு வழி

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் தில்லியில் சர்க்கார் கார் ஓட்டினார். அதில் பாதிக்கு மேல் தலையில் சிவப்பு விளக்கு வைத்த கார், மந்திரிமார் ஏறுவது. இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு எல்லாரும் அதைத்தான் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றாமலே அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. சர்க்கார் வண்டியில் பெண்டாட்டியை ஏற்றுகிற மனுஷர் இல்லை அவர். எனக்கு எங்கே போவதென்றாலும் பஸ்தான், இல்லாவிட்டால் நடை. எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம். பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் அங்கிருந்து தில்லி வேலைக்கு வந்தார், பின்னாலேயே நானும் வந்தேன். ஐந்தாவதோடு என் படிப்பு நின்றது. ஹிந்தியில் காய் வாங்கத் தெரியும், அவ்வளவுதான். யாராவது ஏதாவது கேட்டால் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் பதில் சொல்லிவிடுவார்.

ஓய்வுக்குப் பிறகு சர்க்கார் குவார்ட்டர்ஸை விட்டு ஜனக்புரியில் மாடியில் இரண்டு அறை பார்த்துக்கொண்டு வந்தோம். தொண்ணூறுகள் முடிகிற சமயம். சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை செய்யலாம் என்று நினைத்தார். கீழ்வீட்டில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் அதே வேலைதான் செய்துகொண்டிருந்தார், மூக்கில்லாத ஒரு சின்ன வேனை வைத்துக்கொண்டு. அவர்தான் யோசனை சொன்னார்.

"அண்ணாச்சி, பேசாம நம்ம மாதிரி ஒரு வேனு எடுத்துருங்க. எட்டுப் பிள்ளைய அடக்கமா உக்காரும்."

"அந்த டப்பாவா? அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லியே. மோதுனா டிரைவர் முட்டிதான் பம்பரு."

"அதான் அண்ணாச்சி விசேஷமே. நம்ம முட்டிதான் முன்னால நிக்குன்னு தெரிஞ்சா, காலு தன்னால பிரேக்குக்குப் போயிரும்லா."

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பயந்து ஓட்டறவனுக்கு அது சரி," என்றார்.

இவர் மனதில் வேறு வண்டி இருந்தது. பழைய ஆபீஸில் ஓடி ஓய்ந்த கார்களை ஏலம் விடுவார்கள். அங்கே போய் தான் ஓட்டின மாதிரியே ஒன்றை எடுத்து வந்தார். வெள்ளை நிறம், கனத்த இரும்பு, முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே சீட். பின்கண்ணாடிக்குத் திரை அப்படியே இருந்தது. கூரையில் சிவப்பு விளக்கு இருந்த இடத்தில் ஓட்டையை மெழுகு மாதிரி ஏதோ வைத்து அடைத்து மேலே வெள்ளை பூசியிருந்தார்கள். மழைக்கு அதன் வழியாகச் சொட்டும். இவர் சீட்டுக்கு வெள்ளைத் துண்டு விரித்தார். தானும் பழைய வெள்ளை யூனிபாரத்தையே போட்டுக்கொண்டார். புதுசாகத் தைப்பானேன் என்றார்.

பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அந்த வண்டியைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. டாங்கி மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி கதவைத் தட்டிப் பார்த்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரும்பு தடியாக இருந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு நல்லதுதானே. பெண்பிள்ளைகள் ஏறுகிற வண்டியில் ஒரு பொம்பளை இருக்கவேண்டும் என்று அந்த அம்மாக்கள் சொன்னதால் நானும் கூடப் போவதென்று ஆயிற்று. ஏழு பிள்ளைகள். எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள், ஆனால் தங்களுக்குள் ஹிந்திதான். முன்னால் இரண்டு, பின்னால் ஐந்தும் நானும். எல்லாருக்கும் சின்னவள் ஆறு வயசுக்காரி. அவளுக்கு உட்காரவே பிடிக்காது. முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவாள்.

முதல் நாள் மாயாபுரி சிக்னலில் சிவப்பு விழுந்தது. இவர் நிற்கவில்லை. ஹாரனை ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டு உள்ளே போனார். குறுக்கே வந்த ஸ்கூட்டர்கள் நின்றன. ஒரு டெம்போக்காரன் ஒதுங்கினான். நான் தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று நினைத்தேன். தௌலா குவான் தாண்டினால் வட்டமான ரோடுகள் வரும். கோல் சக்கர் என்பார்கள், நடுவில் பூச்செடி. வலது பக்கம் வருகிற வண்டிகளைப் போகவிட்டு நாம் நுழையவேண்டும். இவர் வலது பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. வருகிறவன் நிற்பான் என்று போனார். நின்றார்கள். வெள்ளைக் கார், திரை, வெள்ளை யூனிபாரம் போட்ட டிரைவர். உள்ளே யார் என்று எவனுக்குத் தெரியும்? ஒரு டிராபிக் போலீஸ்காரன் சலாம் வைக்கக் கையைப் பாதி தூக்கிவிட்டு, ஜன்னலில் பிள்ளைகளின் தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்ததும் அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அங்கிள், அவுர் தேஜ்!" என்று கத்துவார்கள், இன்னும் வேகமாகப் போ என்று. அவருக்கு அது பிடித்திருந்தது.

நான் ஒரு வாரம் பொறுத்து, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சொன்னேன்.

"சிவப்பு விழுந்துட்டதுங்க, அங்க."

"எனுக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷம். ஒரு கீறல் கீதா?"

"இல்லிங்க."

"நீ புள்ளைங்கள எண்ணு. அதான் உன் வேலை."

எண்ணினேன். ஏறும்போது ஏழு, இறங்கும்போது ஏழு. நடுவில் அந்த முக்கால் மணி நேரம் என் உடம்பு என்னிடம் இருக்காது. வலது கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். சின்னவளின் பாவாடைப் பட்டியைப் பின்னாலிருந்து விரலில் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். அவள் "ஆன்ட்டி, சோடோ" என்று உதறுவாள், விடு என்று. வீட்டுக்கு வந்தால் சமையல் ஓடாது. கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவுவேன். மொட்டை மாடிக்குப் போய்த் துணி காய்ந்துவிட்டதா என்று பார்ப்பேன், அப்போதுதான் பிழிந்து போட்டிருப்பேன். பத்து மணியானால் மதியம் ஒன்றரைக்குத் திரும்பக் கூட்டிவர வேண்டுமே என்று தொடங்கிவிடும்.

அந்த நாட்களில்தான் ஒன்று புரிந்தது. கீறல் இல்லாததற்கு அவர் கை மட்டும் காரணமில்லை. ஒதுங்கினவர்கள் எல்லாரும் காரணம். அவர் வண்டிக்கு வழி விட்டு எத்தனை பேர் நடைபாதையில் ஏறினார்களோ, சைக்கிளோடு எத்தனை பேர் விழுந்தார்களோ. அது அவர் கண்ணாடியில் தெரிந்திருக்காது.

ஒரு தடவை வெள்ளைக் கார் கியர் உடைந்து மூன்று நாள் பட்டறையில் நின்றது. கீழ்வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்ததால் அவருடைய வேனை இவரிடம் விட்டிருந்தார். அந்த மூன்று நாள் இவரை நான் பார்த்தேனே, அது வேறு ஆள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மஞ்சள் விழுந்ததுமே நின்றார். இடது ஓரமாகவே போனார். லாரி பக்கத்தில் வந்தால் முழங்காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கோல் சக்கரில் கழுத்தை நீட்டி வலது பக்கம் பார்த்தார். நெற்றியில் வேர்த்தது.

"இது இன்னா வண்டி! எல்லாம் நம்ம மேலயே வர மாதிரி கீது," என்றார்.

அந்த மூன்று நாளும் என் கால் சும்மா இருந்தது. சின்னவளோடு விளையாடிக்கொண்டு வந்தேன். பட்டறைக்காரன் இன்னும் ஒரு வாரம் இழுக்கக்கூடாதா என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வீட்டு வாசலில் இறங்கும்போது துணிந்து கேட்டேன்.

"இதுலயே போலாமேங்க. இந்த மாதிரி ஒண்ணு..."

"இது பொம்பளைங்க வண்டி. உனுக்குப் புடிக்கும்," என்றார். சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு படியேறிவிட்டேன்.

நாலாம் நாள் வெள்ளைக் கார் வந்தது. அதோடு பழைய ஆளும் வந்தார்.

இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. சொல்லலாம் சொல்லலாம் என்று நாளைத் தள்ளினேன். யாரிடம் சொல்வது, எப்படித் தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி மாதம். பனிமூட்டம் கண்ணை மறைத்தது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தோம். ஸ்கூலுக்கு முன்னால் வருகிற கடைசி கோல் சக்கரில் இவர் எப்போதும்போல நுழைந்தார். வலது பக்கப் பனியிலிருந்து ஒரு வண்டி வந்தது. அதுவும் வெள்ளை. அதற்கும் திரை. அதன் தலையில் சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது, நிஜ விளக்கு. அந்த டிரைவரும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. அவன் ஏன் பார்ப்பான்? அந்த நாளில் இவர் பார்த்திருப்பாரா?

கடைசி நொடியில் இவர்தான் ஒடித்தார். பிரேக் போட்ட வேகத்தில் கார் சுழன்று வட்டத்தின் கல்லில் ஏறிப் பூச்செடிக்குள் போய் நின்றது. சின்னவளின் பாவாடைப் பட்டி என் விரலிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று. முன்சீட்டின் முதுகில் ஒரு இரும்புப் பட்டை உண்டு. அதில் அவள் வாய் போய் இடித்தது.

சிவப்பு விளக்குக் கார் நிற்கவே இல்லை.

நான் எண்ணினேன். ஏழு. எல்லாரும் அழுதார்கள். சின்னவள் மட்டும் அழவில்லை. வாய் நிறைய ரத்தத்தோடு என்னைப் பார்த்தாள். முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டேன். வழியில் போனவர்கள் தள்ளி வண்டியை ரோட்டில் இறக்கிவிட்டார்கள். மற்ற பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவிட்டு இவளை ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். உதட்டில் இரண்டு தையல். முன்பல் ஒன்று போயிருந்தது. பால்பல்தான், முளைத்துவிடும் என்றார் டாக்டர்.

வண்டிக்குத் திரும்பும்போது இவர் சொன்னார்: "நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லிடு."

அவர் குனிந்து அந்தக் குழந்தையிடமும் சொன்னார், செல்லமாக. "குத்தா ஆயா தா, நா பேட்டா?" நாய்தானே வந்தது என்று.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தைத்த உதட்டோடு என்னிடம்தான் கேட்டாள். "குத்தா கஹா தா, ஆன்ட்டி?" நாய் எங்கே இருந்தது என்று.

அவளுடைய அம்மா பேங்க்கில் வேலை பார்க்கிறவள். போனில் விஷயம் கேட்டு ஓடி வந்தாள். இவர் நாய்க் கதையைச் சொன்னார். கறுப்பு நாய், காது மடிந்தது என்றெல்லாம் சொன்னார். அவள் கேட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நல்ல வேளை அங்கிள், உங்க வண்டியா இருந்துது. அந்த டப்பா வேனா இருந்தா என்ன ஆகியிருக்கும், நெனச்சாலே பயமா இருக்கு. எங்க பேங்க்ல என்கூட இருக்கறவகிட்டயும் சொன்னேன். அவளோட ரெண்டு பசங்க அந்த மாதிரி வேன்லதான் போறாங்க. திங்கக்கிழமைலேர்ந்து உங்ககிட்டயே அனுப்பறேங்கறா. எடம் இருக்குமா?"

"இருக்கும் இருக்கும். நெருக்கி உக்காந்தா போச்சு," என்றார் இவர்.

இன்னும் இரண்டு. நான் சும்மா இருக்கப்போய் அல்லவா இன்னும் இரண்டு பிள்ளைகள் வரப்போகிறார்கள்? அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை முழுக்க வீட்டுக்குள் நடந்தேன். அடுப்பைத் துடைத்தேன். அரிசி டப்பாவை இறக்கிக் கொட்டி மறுபடி நிரப்பினேன். "இன்னா, பேய் புடிச்சவ மாதிரி சுத்திக்கினு கீற?" என்றார் அவர். காரின் முன்பக்கம் கல் இடித்து நெளிந்திருந்ததைத் தட்டி நிமிர்த்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்குப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அந்தப் பேங்க் பெண் வீடு நாலு தெரு தள்ளி. மணியை அழுத்த எனக்குத் தெரியாது, அதாவது அழுத்தினதே இல்லை. கதவைத் தட்டினேன். மாவு பட்ட கையோடு திறந்தாள்.

"வாங்க ஆன்ட்டி. தோசை ஊத்திட்டிருக்கேன், உக்காருங்க."

உட்காரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "நாய் எதுவும் வரலம்மா."

"என்ன?"

"அவரு பாக்காம பூந்துட்டாரு. எப்பவும் அப்டித்தான். சிக்னல்லயும் நிக்க மாட்டாரு. பழக்கம். அந்த வண்டியில ஏறினா அவருக்கு எல்லாரும் வழி வுட்ருவாங்கன்னுதான் தோணுது. புள்ளைங்கள அனுப்பாத."

உள்ளே தோசை தீய்கிற வாசனை வந்தது.

"எப்பவுமா? எவ்வளவு நாளா?"

"மொத நாள்லேர்ந்து."

"ஒன்றரை வருஷம் ஆச்சு ஆன்ட்டி! நீங்க பின்னாடிதானே உக்காந்திருந்தீங்க? தினம் காலைல இங்க வந்து ஏத்திட்டுப் போறீங்க. ஒரு வார்த்தை? ஒரு நாள்?"

சின்னவள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, பல் போன வாயைக் காட்டிச் சிரித்தாள். அவள் அம்மா அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் வந்துவிட்டேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஒரு வீட்டிலும் பிள்ளை வெளியே வரவில்லை. ஹாரன் அடித்தால் பால்கனியிலிருந்து, "இன்னைக்கு வரல அங்கிள்," என்றார்கள். ஐந்தாவது வீட்டில் ஒரு அம்மா கீழே இறங்கி வந்து அவரிடம் நேராகவே சொன்னாள், எல்லாரும் வேறு வேன் பார்த்துக்கொண்டோம் என்று. சொல்லும்போது என்னைப் பார்த்தாள். அவரும் திரும்பி என்னைப் பார்த்தார்.

காலிக் காரில் வீட்டு வாசல்வரை வந்தார். இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நீயா சொன்ன?"

"ஆமாங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கிறவர் இல்லை, ஆனாலும் நினைத்தேன். அவர் ஸ்டீயரிங்கைத் துடைத்தார். பிறகு கேட்டார், சண்டைக்குக் கேட்கிற குரல் இல்லை அது.

"நாய் வந்துச்சு இல்ல?"

"வரலிங்க."

"கறுப்பா..."

"இல்லிங்க. ஒண்ணும் வரல. அந்தக் காருதான் வந்துச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மேலே ஏறி வந்தவர் யூனிபாரத்தை மடித்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பிள்ளைகளில் நாலு பேர் கீழ்வீட்டுக்காரர் வேனில் போகத் தொடங்கினார்கள். தினம் காலையில் அந்த வேன் கிளம்பும் சத்தம் கேட்கும்போது இவர் எழுந்து குளியலறைக்குப் போய்விடுவார். என்னோடு தேவைக்குத்தான் பேசினார். சாப்பாடு போடு, பேப்பர் எங்கே, அவ்வளவு. சின்னவள் எந்த வண்டியில் போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க முகமில்லை. எந்த வண்டியோ, ஓட்டுகிறவன் எப்படியோ என்று அதுவே ஒரு அரிப்பாக மனதில் இருந்தது.

பத்து நாள் கழித்து, காலை பதினோரு மணி இருக்கும், "ஏறு," என்றார்.

"எங்கங்க?"

"ஏறுன்னேன்."

நான் பின்கதவைத் திறந்தேன். "முன்னாடி," என்றார். அவர் பக்கத்தில் அந்தக் காரில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். மாயாபுரியில் சிவப்பு விழுந்தது. கோட்டைத் தாண்டிப் போய்விட்டு, அப்புறம் நின்றார். பின்னால் எடுக்க வழியில்லை. குறுக்கே போகிறவர்கள் எல்லாரும் திட்டிக்கொண்டே எங்களைச் சுற்றிப் போனார்கள். அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கே போகிறோம் என்று தௌலா குவான் தாண்டியதும் தெரிந்துவிட்டது. அந்த கோல் சக்கருக்கு வந்தார். வட்டத்துக்குள் நுழையாமல் வாயிலேயே நிறுத்தினார். வலது பக்கம் பார்த்தார்.

வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு பஸ், இரண்டு கார், ஆட்டோ. ஒரு இடைவெளி வந்தது. இவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார், மறுபடி வைத்தார். அதற்குள் அடுத்த கார் வந்துவிட்டது. இன்னொரு இடைவெளி. கார் ஒரு முழம் நகர்ந்து குலுங்கி நின்றது. எவ்வளவு இடம் இருந்தால் போகலாம், யாரைப் போகவிட்டு யார் முன்னால் புகலாம் என்பதை அவர் எங்கே கற்றார்? அந்தக் கணக்கை இருபத்திரண்டு வருஷமும் எதிரே வந்தவர்கள் அல்லவா போட்டார்கள்? பின்னால் ஹாரன் கிளம்பியது. ஒரு ஸ்கூட்டர்க்காரன் எங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, "அரே பாபா, சலோ! சோ கயே க்யா?" என்று கத்தினான். தூங்கிவிட்டாயா என்று. இவர் அவனைத் திட்டவில்லை.

"இப்ப போலாமா?" என்றார்.

யாரைக் கேட்கிறார் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. காரில் நான்தான் இருந்தேன். எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? அவருடைய தோளுக்கு மேலாக எட்டி வலது பக்கம் பார்த்தேன். தூரத்தில் ஒரு வெள்ளை வேன், உள்ளே பிள்ளைகளா மூட்டையா தெரியவில்லை, வந்துகொண்டிருந்தது.

"அது போவட்டுங்க," என்றேன்.

அவர் காலை எடுக்கவில்லை. அது போயிற்று. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது.